கூலி கொடுக்கும் வேளையில் தெரிந்த வானதூதர்



இன்று செப்டம்பர் 29. அதிதூதர்களான புனித மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகிய மூவரின் விழா. மிக்கேல் என்று நம் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். மங்கள வார்த்தை செபம் சொல்லும்போதெல்லாம் கபிரியேலை நினைக்கிறோம். இரபேல்தான் நம் நினைவில் கொஞ்சம் பின்தங்கிப் போகிறார். பயணம் போகிறவர்களுக்குப் பாதுகாவலர் அவர். இந்த விடுமுறையில் நமக்கு அதிகம் தேவைப்படுகிறவரும் அவர்தான்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை வந்தால் நம் ஊரில் வண்டிப் பேச்சு தொடங்கிவிடும். வேளாங்கண்ணிக்கா, குணதலாவுக்கா? எத்தனை பேர்? இன்னோவா வேண்டுமா, எர்டிகா போதுமா? பாட்டியைக் கூட்டிப் போகலாமா? கடைசியில் யாராவது ஒருவர், “எதுக்கு இவ்வளவு யோசனை? மாதா பார்த்துக்குவாங்க, கிளம்புவோம்” என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். மாதா பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நாம் பார்க்க வேண்டியதையும் சேர்த்து மாதாவின் தலையில் ஏற்றிவிடுவது பக்தியாகுமா?

தோபித்து நூலைத் திறந்து பாருங்கள். விவிலியத்தில் ஒரு நெடும்பயணத்துக்கான ஏற்பாட்டை இவ்வளவு விவரமாகச் சொல்லும் பகுதிகள் அரிது. தோபித்து கண் தெரியாத முதியவர். நினிவே நகரில் அகதியைப்போல வாழ்கிறவர். தொலைவிலுள்ள மேதியா நாட்டில் ஓர் உறவினரிடம் வெகுகாலத்துக்கு முன் பத்துத் தாலந்து வெள்ளியை ஒப்படைத்திருந்தார். அதை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்ப வேண்டும். மகனுக்கோ வழி தெரியாது, போகிற இடத்தில் ஆளும் தெரியாது.

தோபித்து செபத்தில் ஊறியவர்; துன்பத்தில் கடவுளிடம் கண்ணீர் வடித்தவர். ஆனாலும், “போ மகனே, கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று மட்டும் சொல்லி அவர் மகனை அனுப்பவில்லை. பணம் கொடுத்ததற்கான ஒப்பந்தச் சீட்டு இருப்பதை நினைவூட்டுகிறார். வழி தெரிந்த, நம்பிக்கையான ஓர் ஆளைத் தேடச் சொல்கிறார். வந்தவரிடம் குலம், குடும்பம் எல்லாம் விசாரிக்கிறார். நாளுக்கு ஒரு திராக்மா கூலி என்கிறார். வழிச்செலவு மகனுக்கு ஆவதுபோல உனக்கும் உண்டு, நல்லபடியாகத் திரும்பி வந்தால் மேலும் தருவேன் என்று பேசி முடிக்கிறார். இத்தனையும் ஆன பிறகுதான் ஆசி கூறி அனுப்புகிறார். வந்தவர் இரபேல் என்பது அவருக்குத் தெரியாது. வானதூதரிடமே கூலி பேசிவிட்டார்! கடவுள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குப் பார்க்கிற இந்த மனிதரின் வீட்டுக்குத்தான் அவர் தம் தூதரை அனுப்பினார்.

நம் பயணத்துக்கு வருவோம். குணதலா விஜயவாடாவில் இருக்கிறது. 1924-ஆம் ஆண்டு அங்கே மாதா சுரூபம் வைக்கப்பட்டது. இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரி 9, 10, 11 ஆகிய நாள்களில் நடக்கும் லூர்து மாதா திருவிழாவுக்கு ஆந்திரமும் தெலங்கானாவும் திரண்டு வருகின்றன. நம் திருத்தணியிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். நகரி, புத்தூர், ரேணிகுண்டா, ஸ்ரீகாளஹஸ்தி வழியாக நாயுடுபேட்டை போய், அங்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறினால் நெல்லூர், ஓங்கோல், குண்டூர் என்று வழி நீண்டுகொண்டே போகும்.

அந்தப் பக்கம் நமக்கு அந்நியமில்லை. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போன நம் திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. நகரியில் பெண் எடுத்தவர்கள், புத்தூரில் பெண் கொடுத்தவர்கள் இந்தக் கோவிலிலேயே இருக்கிறீர்கள். கை கால் முறிந்தால் இன்றும் புத்தூர்க் கட்டுக்குத்தானே ஓடுகிறோம்! நாயுடுபேட்டை வரை போய்வருவது நமக்குப் பக்கத்து ஊருக்குப் போவது போலத்தான். அதனாலேயே முழுத் தொலைவையும் குறைத்து எடை போட்டுவிடுகிறோம்.

இந்த இடத்தில் எல்லாக் குடும்பங்களும் ஒரே திட்டத்தைத்தான் போடுகின்றன. “ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினா காலைப் பூசைக்குப் போய்ச் சேர்ந்துடலாம். ரூம் வாடகை மிச்சம், வெயிலும் இல்லை, பிள்ளைங்க தூங்கிட்டே வந்துடும்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வண்டிக்குள் அதிகாலை மூன்று மணிக்கு எட்டிப் பாருங்கள். ஓங்கோல் பக்கத்தில் சாலை நேராக, வெறிச்சென்று கிடக்கிறது. பின்னால் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். முன்சீட்டில், “நான் பேச்சுக் கொடுத்துக்கிட்டே வரேன்” என்று சொன்ன மாமாவும் குறட்டை விடுகிறார். விழித்திருப்பவர் ஒரே ஒருவர். கண்ணாடியை இறக்கிவிடுகிறார். பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொள்கிறார். கன்னத்தில் தாமே தட்டிக்கொள்கிறார். நேற்றுப் பகலெல்லாம் இன்னொரு குடும்பத்தைத் திருப்பதிக்குக் கூட்டிப் போய் வந்தவர் அவர். அதை நம்மில் யாரும் கேட்கவில்லை. சொன்னால் சவாரி போய்விடும் என்று அவரும் சொல்லவில்லை. அறை வாடகை மிச்சம் என்றோமே, அந்த மிச்சம் அவருடைய தூக்கத்திலிருந்து எடுத்தது.

இன்றைய நற்செய்தியில் நத்தனியேலிடம் ஆண்டவர், வானம் திறந்திருப்பதையும் வானதூதர்கள் ஏறுவதையும் இறங்குவதையும் காண்பீர்கள் என்கிறார். கேட்டவுடனே நமக்கு யாக்கோபின் நினைவு வருகிறது. யாக்கோபும் நெடும்பயணம் போனவர்தான்; பெயேர்செபாவிலிருந்து காரானுக்குப் புறப்பட்டவர். அண்ணனுக்குப் பயந்து ஓடுகிறார், அவசரமான ஓட்டம். இருந்தும் கதிரவன் மறைந்ததும் நின்றுவிட்டார் என்கிறது தொடக்கநூல். கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தார். அந்த இரவில், அந்த இடத்தில்தான் வானம் திறந்தது. தோபியாவும் அப்படித்தான்: முதல் நாள் இரவு திக்ரீசு ஆற்றங்கரையில் தங்கினார்கள், கூட வந்தவர் வானதூதராக இருந்தும்! ஓய்வெடுக்க நின்ற இடத்தில்தான் கடவுள் கொடை தந்தார்: யாக்கோபுக்குக் காட்சி, தோபியாவுக்கு அப்பாவின் கண்ணைத் திறக்கப்போகும் மருந்து. ஆகவே திட்டத்தில் ஓர் இரவுத் தங்கலை எழுதிக்கொள்ளுங்கள். பகலில் கிளம்புங்கள், இருட்டுமுன் நெல்லூரிலோ ஓங்கோலிலோ இறங்கிவிடுங்கள். குடும்பமாக உட்கார்ந்து செபமாலை சொல்லவும் அன்றைக்கு நேரம் கிடைக்கும்.

தங்குவது என்றால் யார் யார் தங்குவது? இதுதான் இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி. நமக்கு அறை எடுக்கிறோம். டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு வண்டியிலேயே படுத்துக்கொள்வார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பேட்டா கொடுக்கிறோம், போதாதா என்கிறோம். தோபித்து என்ன பேசினார்? மகனுக்கு ஆகும் செலவு உனக்கும் உண்டு என்றார். மகன் சாப்பிட்டால் இவரும் சாப்பிட வேண்டும், மகன் படுத்தால் இவருக்கும் படுக்கை வேண்டும். ஆக்டிங் டிரைவரை அழைக்கும்போது வாடகை பேசுவதற்குமுன், “தம்பி, நேத்து நல்லாத் தூங்கினீங்களா? கடைசியா எப்போ வண்டி ஓட்டினீங்க?” என்று கேளுங்கள். அவருக்கு ஒரு கட்டில், நம்மோடு ஒரே மேசையில் ஒரு சாப்பாடு, மதியத்தில் ஒரு மணி நேரம் கண்ணயர நிழல்: இவற்றையும் செலவுக் கணக்கில் சேருங்கள். போக்குவரத்து நிறுவனத் தொழிலாளர்களுக்காக 1961-இல் நம் நாட்டில் எழுதிய சட்டமே, ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்காதே, இடையில் அரைமணி நேரமாவது ஓய்வு கொடு என்றது. நாடு கேட்டதைவிட நற்செய்தியைக் கேட்கும் நாம் குறைவாகக் கொடுக்கலாமா? நம் வீட்டுப் பிள்ளையே ஓட்டினாலும் இது பொருந்தும். “என் பையன் நான்ஸ்டாப்பா ஓட்டுவான்” என்று பெருமைப்படாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லை ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாடகை குறைவு என்பதற்காக மஞ்சள் பலகை வண்டியை விட்டுவிட்டு வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை வாடகைக்கு எடுக்கிறோம். செக்போஸ்டில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்: “டிரைவர் எங்க சித்தப்பா.” மாதாவைப் பார்க்கப் போகிற வழியில் பொய்யை ஒத்திகை பார்க்கிறோம்! அதோடு, சொந்த உபயோக வண்டியின் காப்பீடு வாடகை ஓட்டத்தை ஏற்காது. விபத்து என்று வந்துவிட்டால் அந்தப் பொய் எல்லாரையும் நடுத்தெருவில் நிறுத்திவிடும். மோசே ஏதோம் நாட்டின் எல்லையில் நின்றபோது, அரச நெடுஞ்சாலையிலேயே போவோம், வலமோ இடமோ திரும்பமாட்டோம், தண்ணீர் குடித்தால் விலை கொடுப்போம் என்று நேராகச் சொல்லித்தான் வழி கேட்டார். ஏதோம் மறுத்தது. மக்கள் சுற்றிப் போனார்கள். குறுக்குவழியாகப் புகவில்லை. பெர்மிட் உள்ள வண்டிக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் ஆகலாம். அந்தப் பணம் சேரும்வரை பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மாதா காத்திருப்பார்.

வீட்டில் இருப்பவர்களையும் மறக்கவேண்டாம். தோபியா போன பிறகு அப்பா நாள்களை எண்ணுகிறார்: போக இத்தனை நாள், வர இத்தனை நாள். அம்மா அன்னா தினமும் வெளியே வந்து வழியைப் பார்த்து நிற்கிறார். எந்த வழியாகப் போகிறோம், எங்கே தங்குகிறோம், யாருடைய கைப்பேசி எண் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். இரவு தங்கியதும் ஓர் அழைப்பு. அதற்கு இரண்டு நிமிடம் போதும். பல வண்டிகளாகப் போகிறவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். கூட்டத்தில்தான் இருக்கிறான் என்று எண்ணி மரியாவும் யோசேப்புமே ஒருநாள் தொலைவு நடந்துவிட்டார்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். டயர், ஸ்டெப்னி, ஃபாஸ்டேக்கில் பணம் எல்லாவற்றையும் முதல்நாளே பாருங்கள். அவசரத்துக்கு 108 ஆந்திரத்திலும் உண்டு. நெடுஞ்சாலை உதவிக்கு 1033. கண்ணாடியில் தொங்கும் செபமாலை இவற்றுக்குப் பதிலாகத் தொங்கவில்லை.

இவ்வளவு திட்டமும் போட்ட பிறகு, அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். இன்ன நகருக்குப் போவோம், இன்னது செய்வோம் என்று உறுதியாகப் பேசுகிறவர்களைப் புதிய ஏற்பாட்டு யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டிக்கிறார். ஆண்டவர் விரும்பினால் என்று சொல்லப் பழகச் சொல்கிறார். தோபியா பணம் வாங்கத்தான் போனார். வழியில் சாரா என்ற பெண்ணைச் சந்தித்தார். பதினான்கு நாள் திருமண விருந்தில் திட்டம் முழுவதும் மாறிப்போனது. அந்தத் தாமதம்தான் இரண்டு குடும்பங்களுக்கு வாழ்வு கொடுத்தது. வழியில் ஒரு விபத்தைப் பார்த்தால் நிற்க, பாட்டிக்குக் கால் வலித்தால் ஒரு மணி நேரம் உட்கார, டிரைவர் “முடியலைங்க” என்றால் அங்கேயே தங்க, நம் திட்டத்தில் இடம் இருக்கட்டும்.

கடைசியாக, கணக்கு முடிக்கும் நேரம். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நமக்கு அலுப்பு, பையில் பணமும் கரைந்திருக்கும். “டீசல் இவ்வளவு ஆச்சா? நைட் பேட்டா எதுக்கு? நாளைக்கு வந்து வாங்கிக்கோ.” பல நல்ல பயணங்கள் இந்தச் சச்சரவில் கசந்துபோகின்றன. தோபித்து தம் மகனுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்: வேலை செய்தவனுடைய கூலியை மறுநாள்வரை வைத்திருக்காதே, உடனே கொடுத்துவிடு. திரும்பி வந்ததும், பேசிய கூலியைக் கொடு, அதற்குமேலும் கொடு என்று தாமே நினைவூட்டினார். மகனோ, கொண்டுவந்ததில் பாதியையே கொடுத்துவிடலாம் அப்பா என்றான். அந்த வேளையில்தான் இரபேல் அவர்கள் இருவரையும் தனியே அழைத்து, தாம் யாரென்று சொன்னார். பயணம் முழுவதும் மறைந்திருந்தவர், கூலி கொடுக்க அவர்கள் மனமுவந்து முன்வந்தபோது தம்மை வெளிப்படுத்தினார்.

அன்பானவர்களே, இந்த விடுமுறையில் பயணம் போகிற ஒவ்வொரு குடும்பமும் இந்த மூன்றையும் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். கிளம்புமுன் ஓட்டுநரின் பெயரைக் கேட்டு, நம் வீட்டார் பெயரோடு சேர்த்துச் செபியுங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. வழியில் நாம் சாப்பிடும்போது அவரும் சாப்பிடட்டும், நாம் தூங்கும்போது அவரும் தூங்கட்டும். திரும்பி வந்த அன்றே, பேசியதற்குமேல் சற்றுக் கூட்டிக் கையில் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்புங்கள்.

நம்மை வழிநடத்தும் ஆண்டவர், இரபேல் அதிதூதரின் துணையோடு, போகிறவர்களையும் கூட்டிப் போகிறவர்களையும் காத்திருக்கிறவர்களையும் நலமுடன் வீடு சேர்ப்பாராக. ஆமென்.