ஒத்துவராத எண்ணை அழிக்காதீர்கள்

அச்சரப்பாக்கத்துப் பிள்ளைகளே, செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது. இப்போதே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேர்வு முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

பிடித்த இயற்பியலாளர் யார் என்று கேட்டால் ராமன் என்பீர்கள், சந்திரசேகர் என்பீர்கள். பிப்ரவரி 28 வந்தால் தேசிய அறிவியல் நாள் என்று படம் வைத்து மாலை போடுகிறோம், பேச்சுப்போட்டி நடத்துகிறோம். அதே பருவத்தில் பல பள்ளி ஆய்வகங்களில் நடப்பது என்ன? கண்ணாடி முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் 1.5 அளவில் வரவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நிறமாலைமானியில் கண்ணே வைக்காமல் கோணங்களை எழுதிவிடுகிறார்கள். அண்ணனுடைய ரெக்கார்டு நோட்டு தம்பிக்குக் கைமாறுகிறது. இதைச் செய்த கையால் ராமன் படத்துக்கு மாலை போடுவது தகாது.

ஏன் என்று கேளுங்கள். 1923இல் கல்கத்தாவில் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன், நீரில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தார். எதிர்பார்த்ததற்கு மேல் ஒரு மங்கலான ஒளி தென்பட்டது. நீரில் கலந்த அழுக்கின் வேலையாக இருக்கும் என்று மறுபடி மறுபடி தூய்மை செய்து பார்த்தார்கள். அது மறையவில்லை. 1925இல் கே. எஸ். கிருஷ்ணனும் அதே போன்ற ஒளியைக் கண்டார். யாரும் அதைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிடவில்லை. 1928இல் ராமனும் கிருஷ்ணனும் விடாமல் பின்தொடர்ந்தபோது அதுவே ராமன் விளைவு ஆயிற்று. விழும் ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்குதான் அப்படி நிறம் மாறிச் சிதறுகிறது. கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று அந்தத் துளியை அவர்கள் அழித்திருந்தால், 1930இன் நோபல் பரிசும் இல்லை, நாம் கொண்டாடும் நாளும் இல்லை.

சந்திரசேகரைப் பாருங்கள். வெண்குள்ள விண்மீனின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால் அது அப்படியே நிலைத்திருக்க முடியாது என்று அவர் கணக்குச் சொன்னது. 1935 ஜனவரியில், இலண்டனில் அறிஞர்கள் கூடிய அவையில், அன்றைய பெரும் வானியலாளர் எடிங்டன் அதை எள்ளி நகைத்தார். அப்போது சந்திரசேகருக்கு வயது 24. பெரியவர் சொல்லிவிட்டார் என்று அவர் கணக்கைத் திருத்தவில்லை. பகையும் பாராட்டவில்லை. 1982இல், எடிங்டனின் நூற்றாண்டில், எடிங்டன் தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் மனமாரப் புகழ்ந்து உரையாற்றினார். நோபல் பரிசு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. எண்ணை விட்டுக்கொடுக்காதீர்கள், மனிதரையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் ஊர்க் கோயில் கதை எல்லாருக்கும் தெரியும். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானே விநாயகரை வணங்க மறந்ததால் தேரின் அச்சு இங்கே முறிந்தது. ஆண்டவனே ஆனாலும் முறை தவறினால் தேர் நிற்கும் என்று சொல்லக் கூசாத ஊர் இது. ஆகவே ராமனைப் பற்றியும் உண்மையைச் சொல்லலாம். 1933இல் பெங்களூரில், தாம் பொறுப்பேற்றிருந்த ஆய்வு நிறுவனத்தில், பெண் என்ற காரணத்துக்காகக் கமலா பாக்வத்தை அவர் முதலில் சேர்க்க மறுத்தார். அது பிழை. பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட உயிர்வேதியியலாளர் அவர். வாதாடி இடம் வாங்கித் தம் உழைப்பால் அந்தப் பிழையை உணர்த்தினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி, ராமனின் ஆய்வகத்திலேயே வைரத்தின் ஒளியை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். எம்.எஸ்சி. இல்லை என்று அவருக்கு முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துபோகவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து, மழையும் காற்றும் வெயிலும் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்யவும் சரிபார்க்கவும் வழி வகுத்தார். தவறான அளவீட்டைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. பெற்றோர்களே, இயற்பியல் எடுக்கிறேன் என்று மகள் சொன்னால் தடுக்காதீர்கள்.

இது மதிப்பெண் சங்கதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். நமக்குக் கிழக்கே கல்பாக்கத்தில் 1983இல் அணு உலை இயங்கத் தொடங்கியது. அங்கே வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கதிர்வீச்சையும் பார்த்து எழுதுகிறவர்கள் ஒருநாள் பள்ளி ஆய்வகத்தில் நின்றவர்கள்தான். நாளை அந்த வேலைக்கு நீங்களும் போகலாம். மருத்துவமனையில் இரத்தம் சோதிக்கலாம், பாலத்தின் காங்கிரீட்டைச் சோதிக்கலாம். பதினேழு வயதில் பார்க்காத எண்ணை எழுதப் பழகிய கை, முப்பது வயதில் தானாகத் திருந்திவிடாது.

ஆசிரியர்களே, 1.62 என்று வந்ததை 1.62 என்றே எழுதி, பிழை எங்கே வந்திருக்கும் என்று காரணமும் சொல்கிற பிள்ளைக்கு மதிப்பெண் கொடுங்கள். அவனைத் திட்டினால் அடுத்த முறை பொய் எழுதக் கற்றுக்கொள்வான். பிள்ளைகளே, கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். மாறி வந்தால் திரும்ப அளந்து பாருங்கள். அப்போதும் மாறினால் இரண்டையும் எழுதுங்கள். கூட நின்று அளந்த நண்பனின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த செய்முறை வகுப்பில் நீங்கள் எடுக்கும் முதல் அளவீடே உண்மையானதாக இருக்கட்டும். அதைச் செய்துவிட்டு வந்து ராமன் படத்துக்கு மாலை போடுங்கள்.