மயிலுக்கும் பங்குண்டு



விதைப்புக் காலம் வந்தால் நம் அட்டாளைச்சேனை வயல் வட்டைகளில் மயிலைப் பற்றித்தான் பேச்சு. வீசி விதைத்த நெல் முளைத்து நிலைக்கும் முன்பே கூட்டமாக இறங்கிப் பொறுக்குகின்றன. கதிர் முற்றியதும் மறுபடி வருகின்றன. கடன்பட்டு விதைத்தவருக்கு அது சின்ன இழப்பல்ல. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை இலங்கை முழுவதும் ஐந்து நிமிடம் நடந்த கணக்கெடுப்பில், பயிரழிக்கும் குரங்குகளோடும் மரஅணிலோடும் மயிலையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள்.

ஆனால் மயில் எங்கிருந்தோ வந்த பறவையல்ல. இந்த உலர்வலயப் பற்றைக்காடு அதன் பூர்வீகம். காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் நாம். முட்டையையும் குஞ்சையும் தின்று அதன் தொகையை மட்டுப்படுத்திய நரியும் அருகிவிட்டது.

ஆண்மயிலின் தோகையை எல்லோரும் பார்க்கிறோம். அந்த நீலமும் பச்சையும் சாயமல்ல. இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வரும் நிறம். வருடாவருடம் அத்தனையும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்! எனக்கோ, பெண்மயிலைப் பார்க்கும்போதுதான் உள்ளம் இளகுகிறது. பற்றைக்குள் வெறும் நிலத்தில் நாலைந்து முட்டையிட்டு, ஏறத்தாழ 28 நாள் தனியே அடைகாக்கிறது. ஆண்மயில் எட்டியும் பார்ப்பதில்லை. மண்ணோடு மண்ணான அதன் மங்கல் நிறம்தான் அதற்குக் காவல். குஞ்சு பொரித்தபின் கூட்டிக்கொண்டு திரிந்து தீனி காட்டுவதும் அந்தத் தாய்தான். அது பொறுக்குவது நெல்லை மட்டுமல்ல. பூச்சியும் புழுவும் சிறு பாம்பும் அதன் உணவு.

ஒரு முஸ்லிம் பயிரிட்டு, அதில் மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. தாய்ப்பறவை ஒன்று குஞ்சுகளை இழந்து தவித்தபோது, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவரும் அவர்களே. அது அபூதாவூதில் இருக்கிறது.

ஆகவே விரட்டுங்கள், தகரம் தட்டுங்கள், மினுங்கும் நாடா கட்டுங்கள். உங்கள் உழைப்பைக் காப்பது உங்கள் உரிமை. நெல்லில் நஞ்சு கலந்து வைக்காதீர்கள். அது மயிலோடு நிற்காது. கொக்கும் கோழியும் சாகும், வாய்க்கால் தண்ணீரும் கெடும். களவாக மின்சாரக் கம்பி இழுக்காதீர்கள். அதில் மனித உயிரும் போகும். வரம்போரப் பற்றையில் முட்டை கண்டால் கை வைக்காமல் விலகிப் போங்கள். மயிலால் விளைச்சல் இழந்த ஏழை விவசாயி உங்கள் மஹல்லாவில் இருந்தால், அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காமல் இந்தப் போகத்திலேயே அவருக்கு விதைநெல் கொடுங்கள்.