அளவுக்கு மிஞ்சிய பாரம்

முயல் கடிக்கிறது என்று சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். மூக்கில் ஒரு சுண்டு சுண்டு என்கிறார் ஒருவர். ஒரு வேளை பட்டினி போட்டால் தானாக அடங்கும் என்கிறார் இன்னொருவர். கூண்டில் தள்ளி மூடு, பல்லை வெட்டு, காயடித்துவிடு. இவற்றைக் கேட்கக் கேட்க எனக்குச் சமண நூலான தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம்தான் நினைவுக்கு வந்தது. இல்லறத்தாரின் அகிம்சை விரதம் எந்தெந்த வழியில் பழுதுபடும் என்று அதன் ஆசிரியர் உமாசுவாமி அங்கே ஐந்து குற்றங்களைச் சொல்கிறார்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொலை அந்த ஐந்தில் இல்லை. கொல்லமாட்டேன் என்று ஏற்கெனவே உறுதி பூண்டவர்களுக்காகச் சொன்னவை அவை. சிறு வயதில் அவற்றைக் கேட்டபோது, ஏரும் வண்டியும் வைத்திருப்பவர்களுக்குச் சொன்னது போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடும் ஒரு முயலுக்கு அந்த ஐந்தும் அப்படியே பொருந்துகின்றன.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். விளக்கு வைக்கும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வீடு. நான் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பேத்திக்கு அவள் மாமா வாங்கித் தந்த ஆண் முயல் இது. பெயர் பஞ்சு. தூக்கினால் மணிக்கட்டில் கடிக்கும். விளையாடும்போது காலைச் சுற்றிச் சுற்றி வந்து குதிகாலைக் கவ்வும்.

கடியை நிறுத்துவதற்கு முன் கடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் மேலேறி அமைந்தவை. பின்னால் வருவதும் தெரியும், மேலே பறப்பதும் தெரியும். தெரியாதது மூக்குக்கு நேர் முன்னாலும் மோவாய்க்குக் கீழும் இருக்கும் சின்ன இடம். மோந்து பார்க்கட்டும் என்று நாம் ஆசையாக விரலை நீட்டுவது சரியாக அங்கேதான். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. தரையை விட்டு உயர்ந்த முயல் என்றால் காட்டில் அது பிடிபட்ட முயல். பின்னங்கால்களின் வலுவுக்கு அதன் எலும்பு ஈடு கொடுக்காது. பிடி சரியில்லாமல் தூக்கும்போது உதறினால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். அந்தப் பயத்தில் வரும் கடி தோலைக் கிழிக்கும். இன்னொரு கடி உண்டு, நுனிப்பல்லால் ஒரு கிள்ளு. ‘நகரு’ என்று முயல் முயலிடம் சொல்வது அப்படித்தான். விரலில் வாழைப்பழ வாசனை இருந்தால் அது வேறு கடி. ஐந்தாறு மாத வயதில் ஆண் முயல் காலைச் சுற்றிக் கவ்வுவது இணை தேடும் கடி.

இவற்றில் எதைக் குற்றம் என்பது? எங்கள் நூல்கள் உள்ளத்தைக் கறைப்படுத்தும் கஷாயங்களை நான்காகச் சொல்லும்: சினம், செருக்கு, மாயை, பற்று. அவற்றுக்கு அடுத்த நிலையில் சிறு கஷாயங்கள் ஒன்பது. அந்த ஒன்பதில் அச்சம் இருக்கிறது, இணைவிழைச்சும் இருக்கிறது. பஞ்சுவைக் கடிக்க வைக்கும் இரண்டு பெருங்காரணங்களும் அங்கே, மனிதர்களை ஆட்டுவிப்பவற்றோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. முயலை ஐந்து புலனும் மனமும் உடைய உயிர் என்றே சமணம் வகைப்படுத்துகிறது. மனம் இருப்பதால் அது கற்கும். கற்கும் என்பதற்காக அடித்துக் கற்பிக்கலாம் என்று ஆகாது. மூக்கில் சுண்டப்பட்ட முயல் கற்பது ஒன்றைத்தான்: இந்தக் கை வலி தரும் கை. அடுத்த முறை இன்னும் முந்திக்கொண்டு கடிக்கும்.

பட்டினி போடுவது அதைவிட மோசம். முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அரை நாள் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து வரலாம். பல்லை வெட்டும் யோசனைக்கு என் பதில், அதன் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை என்பதுதான். நீண்ட புல்லை மென்று மென்று தானே தேய்த்துக்கொள்ளும். நல்ல பல்லை நகவெட்டியால் நறுக்கினால் வேர் வரை பிளக்கக்கூடும். கூண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போளூர்ப் பக்கம் திருமலையில் பாறையில் உயர்ந்து நிற்கும் தீர்த்தங்கரர் நேமிநாதர், தம் திருமண விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளின் ஓலம் கேட்டுத் துறவு பூண்டவர். அவரை வணங்கிவிட்டு வந்து, கடித்ததற்குத் தண்டனையாக ஒரு பிராணியை நாள் முழுதும் அடைத்து வைக்க என்னால் முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பாரம்தான். முயல் மீது யாரும் மூட்டை ஏற்றுவதில்லை. ஆனால் அதை எடுத்து மடியில் வைத்து, நெஞ்சோடு அணைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் கொடுத்து, படம் எடுத்து, நம் தனிமைக்கும் ஆசைக்கும் அதைப் பதில் சொல்ல வைக்கிறோம். அதனால் தாங்க முடிகிற அளவைவிட இது கூடுதல். குழந்தையைப் போல மல்லாத்திப் போட்டால் முயல் அசையாமல் கிடக்கும். பார்க்கிறவர்கள், எவ்வளவு நம்பிக்கையாகத் தூங்குகிறது என்று உருகுகிறார்கள். தப்ப வழியில்லாதபோது இரைப்பிராணி செத்தது போல் உறைந்து போகும் நிலை அது. நம் அன்பை ஏற்றுக்கொண்டதாக நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் அதன் பயம் உச்சத்தில் இருக்கிறது. அதிபாரம் என்று உமாசுவாமி சொன்னதில் இதையும் சேர்க்க வேண்டும் என்பதே என் துணிபு.

சமணத்தின் மற்றொரு பிரிவினரான சுவேதாம்பரர்களின் ஞாதாதர்மகதையில் மேககுமாரனின் முற்பிறப்புக் கதை வருகிறது. நாங்கள் திகம்பரர், அது எங்கள் வீட்டில் ஓதும் நூல் அல்ல. என்றாலும் முயலைப் பற்றி யோசிக்கும் எவரும் அந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது. காட்டுத்தீக்குப் பயந்து விலங்குகள் எல்லாம் யானை ஒன்று மரஞ்செடி பிடுங்கித் துப்புரவாக்கி வைத்திருந்த வெளியில் வந்து நெருக்கியடித்து நிற்கின்றன. யானை உடம்பைச் சொறிய ஒரு காலைத் தூக்குகிறது. கால் இருந்த இடத்தில் ஒரு முயல் வந்து ஒண்டிக்கொள்கிறது. காலை இறக்கப் போன யானை அதைப் பார்க்கிறது. இரண்டரை நாள், தீ அணைந்து முயல் தானாக வெளியேறும் வரை, தூக்கிய காலைத் தூக்கியபடியே நிற்கிறது. பிறகு மரத்த காலோடு சாய்ந்து விழுந்து, மறுபிறப்பில் மேககுமாரன் என்ற அரசகுமாரனாகிறது.

அந்த யானை முயலைத் துதிக்கையால் எடுக்கவில்லை, தடவிக் கொடுக்கவில்லை, தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் இல்லை. தன் பாரத்தை அதன் மேல் இறக்காமல் இருந்தது. அவ்வளவுதான் செய்தது. அதற்கே அத்தனை வலி பட வேண்டியிருந்தது.

அதனால் எங்கள் வீட்டில் தூக்குவதை நிறுத்தினோம். பேத்தி தரையில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். கையைக் கழுவிவிட்டு, உள்ளங்கை தரையில் படப் பக்கவாட்டில் வைத்திருப்பாள். பஞ்சு வந்தால் வரும். வந்து தலையைத் தாழ்த்தினால் கண்களுக்கு நடுவே நெற்றியில் தடவலாம் என்று பொருள். வயிறும் பாதமும் தொடக் கூடாத இடங்கள். நகம் வெட்டவோ மருத்துவரிடம் போகவோ எடுக்க வேண்டி வந்தால், ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்புறத்தைத் தாங்க, உடம்போடு ஒட்டி, தரைக்கு அருகிலேயே. “ஆயா, அப்போ நான் இதைத் தூக்கவே கூடாதா?” என்று கேட்டாள். “தூக்கலாம்மா, அதுக்குத் தேவைப்படும்போது” என்றேன். முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தை நான் உடனே போக்க முயலவில்லை. அது அவள் சுமக்கக்கூடிய பாரம்.

கிள்ளும்போது ‘ஈ’ என்று கூர்மையாகக் கத்தினால் வலிக்கிறது என்பதை முயல் புரிந்துகொள்ளும் என்பார்கள். பல முயல்களிடம் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் வலிக்காதபோது கத்துவது பொய். வாய்மையும் நாங்கள் ஏற்ற விரதம்தான், அது மனிதர்களிடம் மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. வலித்தால் கத்து, வலிக்காவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காமல் விளையாட்டை மட்டும் நிறுத்து என்று பேத்தியிடம் சொன்னேன். சில வாரங்களில் மணிக்கட்டுக் கடி நின்றுபோனது. குதிகாலைச் சுற்றும் கடி நிற்கவில்லை. அது பயத்தில் பிறந்தது இல்லையே.

அதற்குக் கால்நடை மருத்துவர் சொன்ன வழி விதை நீக்கம். என் நாத்தனார் கேட்டதும், அறுப்பது அறுப்பதுதான் என்றார். அவர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. சமண இல்லறத்தார் செய்யலாகாத 15 தொழில்களில் விலங்குகளுக்குக் காயடிப்பதும் ஒன்று. நம் குதிகால் வலிக்காமல் இருப்பதற்காக ஓர் உயிரின் உறுப்பை நீக்குவதை நானும் ஏற்கமாட்டேன். அது மட்டும் காரணமாக இருந்திருந்தால் குதிகாலைக் காட்டிக்கொண்டே இருந்திருப்பேன். பெண் முயலாக இருந்தால் கருப்பைப் புற்றுநோய்க்கு அஞ்சி உடனே சம்மதித்திருப்பேன். கவனமின்மையாலும் கஷாயத்தாலும் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்கிறது அதே ஏழாம் அத்தியாயம். நோய் வராமல் காக்கும் கத்தி வேறு.

ஆனால் மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். முயல் கூட்டமாக வாழும் பிராணி. துணையில்லாமல் ஒற்றையாக வைத்திருப்பதும் ஒரு கொடுமை. விதை நீக்காமல் துணை சேர்த்தால் மாதாமாதம் குட்டிகள். ஈன்ற அன்றே தாய் மறுபடி சினையாகிவிடக்கூடும். அத்தனை குட்டிகளும் சந்தைக்கோ கசாப்புக்கோ போகும். இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பஞ்சு காலைச் சுற்றுவது எங்களைத் தேடி அல்ல, துணையைத் தேடி. தனியாகவே கிடக்கட்டும் என்று விடுவதும் கட்டிவைத்தல்தான், கயிறு கண்ணில் படவில்லை என்பதுதான் வித்தியாசம். யாரோ வளர்க்க முடியாமல் கொடுக்க நினைக்கும் ஒரு பெண் முயலைப் பார்த்து வைத்திருக்கிறோம். பஞ்சுவுக்குச் சிகிச்சை முடிந்து, சில வாரம் பொறுத்து, இரண்டையும் பழக விடுவதாக முடிவு.

முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடலும் நிற்கக் கூடாது. அதனால் அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டாம், காலையிலும் புல் கொடுங்கள் என்றிருக்கிறார் மருத்துவர். அன்று உபவாசம் இருக்கப்போவது நான். நாத்தனார் சொன்னதில் இருக்கும் உண்மைக்கு என்னால் செய்ய முடிந்தது அதுதான்.