உறைந்த முட்டையும் உருகாத கேள்வியும்

திரவ நைட்ரஜன் தொட்டியில், மைனஸ் 196 டிகிரி குளிரில் கிடக்கும் கருமுட்டைக்கு வயது ஏறுவதில்லை. முப்பது வயதில் எடுத்து வைத்தது நாற்பதிலும் முப்பதாகவே இருக்கும். வெளியே எடுத்துவிட்டாலோ அவகாசம் சில மணி நேரம்தான். அதற்குள் நுண்ணூசியால் ஒரே ஒரு விந்தணுவை உள்ளே செலுத்தியாக வேண்டும். அது துணைவருடையதா, முகம் தெரியாத கொடையாளருடையதா என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

துணைவர் இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இங்கிலாந்தின் நட்டாலி எவன்ஸ் வழக்கு யோசிக்க வைக்கிறது. 2001-இல் சினைப்பைகளை அகற்ற வேண்டிய நிலை வந்தபோது, முட்டையைத் தனியே உறையவைக்க முடியுமா என்று அவர் கேட்டார். நாம் பிரியப்போவதில்லை என்று துணைவர் தேற்றினார். ஆறு கருக்கள் உருவாக்கி வைக்கப்பட்டன. மறு ஆண்டே இருவரும் பிரிந்தார்கள். துணைவர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். 2007-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் எவன்ஸுக்குக் கைகொடுக்கவில்லை.

தீர்ப்பு அந்தப் பெண்ணுக்குக் கொடியது. ஆனால் விருப்பமில்லாத ஒருவரைத் தந்தையாக்குவதும் நியாயமாகாது. முட்டையாக இருக்கும்வரை முடிவு அவளுடையது, கருவானபின் இருவருடையது. ஆகவே சில முட்டைகளைக் கருவாக்காமல் விட்டுவைப்பதைத் துணைவர்மீது கொண்ட சந்தேகமாக எண்ண வேண்டியதில்லை. குடும்பம் நிலைப்பது மனமொப்பித்தான். ஆய்வகத்தில் கரு இருக்கிறதே என்பதற்காக அல்ல.

கொடையாளரின் விந்தணுவில் இந்தச் சிக்கல் இல்லை. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, 21 வயதுக்கு மேல், 50 வயதுக்குக் கீழ் உள்ள பெண் தனித்திருந்தாலும் சிகிச்சை பெறலாம். கொடையாளருக்குக் குழந்தைமீது எந்த உரிமையும் கிடையாது. பெரியவர்கள் கணக்கு அதோடு தீர்ந்தது. குழந்தையின் கணக்கு?

தான் பிறந்த விதம் தெரியாமல் வளர்ந்த பிள்ளை இருபது வயதில் ஒரு மருத்துவமனைக்குப் போகிறது. "அப்பாவுக்குச் சுகர் உண்டா? ஹார்ட் பிரச்சினை?" என்று கேட்கிறார்கள். வளர்த்த தகப்பனின் உடல்நிலையைச் சொல்கிறது. பொய் என்று தெரியாமலே சொல்லும் பொய் அது.

2005 ஏப்ரல் முதல் பதிவான கொடையாளர் யார் என்பதை, 18 வயதானதும் கேட்டறியும் உரிமையைப் பிரிட்டன் பிள்ளைகளுக்குத் தந்தது. இந்தியச் சட்டம் அடையாளத்தை மறைவாகவே வைத்திருக்கிறது. பெயர் வெளியே வரும் என்றால் தானம் செய்ய ஆண்கள் தயங்குவார்கள் என்பதும், ஊர் வாய்க்குப் பயந்து பெற்றோர் மௌனமாக இருப்பதும் புரிந்துகொள்ளக் கூடியவையே. ஆனால் அந்தப் பயம் பெரியவர்களுடையது. அதற்கான விலையைப் பிள்ளை கொடுக்கக் கூடாது.

பெயரைச் சொல்ல முடியாவிட்டாலும் பிறந்த விதத்தைச் சொல்லலாம். சிறு வயதிலேயே, கதை சொல்வதுபோலச் சொல்லலாம். அப்படிச் சொல்லத் துணிவிருக்கிறதா என்று முட்டையை உருக்கும் முன்பே தன்னைக் கேட்டுக்கொள்வதுதான் அறம். மருத்துவமனைப் படிவத்தின் முன் உட்காரும்போது, "தெரியாது" என்றாவது உண்மையாகச் சொல்ல அந்தப் பிள்ளையால் முடிய வேண்டும்.