எதற்காகத் தாழ்த்துவது?

காரைத் தரைக்கு நெருக்கமாக இறக்கும் லோயரிங் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், வழி தேடும் வேலைதான். நோக்கம் முன்பே முடிவாகிவிட்டது, அதற்கேற்ற சரக்கை வாங்குவதுதான் பாக்கி என்று தோன்றும். அரிஸ்டாட்டிலும் ‘நிகோமாக்கிய அறவியல்’ மூன்றாம் பகுதியில் ஏறக்குறைய இதையே சொல்கிறார். மனிதர் ஆலோசிப்பது நோக்கங்களைப் பற்றி அல்ல, அவற்றை அடையும் வழிகளைப் பற்றித்தான். நோயாளியைக் குணப்படுத்தலாமா என்று மருத்துவர் யோசிப்பதில்லை. எப்படி என்றுதான் யோசிக்கிறார். ஆனால் ஸ்பிரிங் விஷயத்தில் இந்த விதி தடுமாறுகிறது.

டாட்ஜ் சேலஞ்சர் எஸ்ஆர்டி ஹெல்கேட்டை எடுத்துக்கொள்ளலாம். 2015 மாடலாக வந்த இந்த அமெரிக்கக் காரில் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு எஞ்சின், 707 குதிரைத்திறன். எடை சுமார் 2,000 கிலோ, அதில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களின் மீது. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே விரல்கள் நுழையும் இடைவெளி பலர் கண்ணை உறுத்துகிறது. ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், இறக்கினால் போதும் என்று முடிவெடுக்கிறார்கள்.

அந்த 25 மில்லிமீட்டர் எதிலிருந்து கழிகிறது என்பதில்தான் சிக்கல். சக்கரம் மேலேறி, அதன் ஓட்டத்தின் எல்லையில் உள்ள தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை உள்ள தூரத்திலிருந்து அது போகிறது. அந்தத் தூரம் 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 50. ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல், அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மற்றவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முன்பு தாங்கிய அதே குழியை இந்த 50-க்குள் தாங்க ஸ்பிரிங் 2.25 மடங்கு விறைப்பாக இருந்தாக வேண்டும். அப்படி விறைத்தால் காரின் இயல்பு அதிர்வெண் ஒன்றரை மடங்காகும், 1.4 ஹெர்ட்ஸில் மிதந்த வண்டி 2.1-க்குப் போய்விடும். அது பந்தயத் தளத்தின் சமாச்சாரம், தினமும் வேலைக்குப் போய்வரும் சாலையின் சமாச்சாரம் அல்ல. ஆகவே கடையில் கிடைக்கும் சாலைக் கார் ஸ்பிரிங்குகள் பொதுவாகக் கொஞ்சமே விறைத்து, மீதியை பம்ப் ஸ்டாப்பின் தலையில் கட்டுகின்றன. பாலத்தின் இணைப்பைக் கடக்கும்போது கேட்கும் ‘டொம்’ அந்தக் கணக்கின் பாக்கி.

எடை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1,200 கிலோ காரில் கல்லாக இருக்கும் ஸ்பிரிங், 2,000 கிலோ காரில் தொளதொளவென்று இருக்கும். விறைப்புக்கும் அது சுமக்கும் எடைக்கும் உள்ள விகிதமே அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. அரிஸ்டாட்டில் தம் நூலின் இரண்டாம் பகுதியில் நடுநிலையைப் பற்றிச் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதால் ஆறு மினா எல்லாருக்கும் சரியாகிவிடாது. மல்லன் மைலோவுக்கு அது பற்றாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு மிஞ்சும். ‘பொதுவில் நல்ல ஸ்பிரிங் எது’ என்று கேட்பவருக்குப் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மைலோவின் உதாரணம் பாதி தூரம்தான் வருகிறது. அவனுக்கு மல்யுத்தம் என்ற நோக்கம் உறுதி. ஹெல்கேட்டுக்கு எது நோக்கம்? கால் மைல் நேர்ப்பந்தயம் என்றால், கிளம்பும்போது முன்பக்கம் எழும்பிப் பின்டயர்களின் மேல் எடை விழ வேண்டும். எடைமையத்தைத் தாழ்த்துவது அதற்கு எதிர்த்திசை. வளைவுகள் நிறைந்த தளம் என்றால் விறைப்பு வேண்டும். நீண்ட பயணம் என்றால் சக்கரம் ஏறி இறங்க இடம் வேண்டும். ‘வண்டி நன்றாக ஓட வேண்டும்’ என்பது இன்னும் நோக்கமே ஆகவில்லை, அதன் நிழல்தான். 1970களில் தத்துவவாதி டேவிட் விகின்ஸ் அரிஸ்டாட்டிலை இந்த இடத்தில்தான் விரித்துப் படித்தார். அவர் வாசிப்பில், கருவியைத் தேடுவது மட்டும் ஆலோசனை ஆகாது. மங்கலான நோக்கத்துக்கு உருவம் கொடுப்பதும் ஆலோசனையே. வாங்குபவர் விறைப்பு எண்களை ஒப்பிடும்போது உண்மையில் செய்வது அதைத்தான்.

அந்த ஒப்பீட்டுக்குப் பொது அளவுகோலும் இல்லை. பயண சுகமும் வளைவில் பிடிப்பும் எந்த அலகில் சந்திக்கும்? தத்துவவாதி ரூத் சாங் முன்வைத்த வாதம் இதற்கு உதவுகிறது. இரண்டு ஸ்பிரிங்குகளில் எதுவும் மற்றதைவிட மேல் இல்லை எனலாம். அவை சமம் என்றால், ஒன்றின் விலை சற்றே குறைந்தாலும் அது மேலாகிவிட வேண்டும். ஆனால் தயக்கம் தீர்வதில்லை. ஆகவே அவை சமமும் அல்ல, ஒன்று மற்றதைவிட மேலும் அல்ல. ஒரே தகுதியில் நிற்பவை. அங்கே காரணங்கள் முடிந்து, ஓட்டுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தொடங்குகிறது.

அழகுக்காக இறக்குபவர்களைப் பந்தயத் தளத்தில் ஓட்டுபவர்கள் ஏளனம் செய்வதுண்டு. அதில் நியாயம் குறைவு. அழகும் நோக்கம்தான். தவறு, அழகை வாங்கிவிட்டுக் கையாளுமை என்று பெயர் சூட்டுவதில் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கைகளின் கோணம் மாறுவதால், பல அமைப்புகளில் எடைமையம் இறங்குவதைவிட, வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருளல் மையம் கூடுதலாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், ஸ்பிரிங் போதிய அளவு விறைக்காவிட்டால், இறக்கிய கார் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயவும் கூடும்.

நோக்கத்துக்கு உருவம் கிடைத்தபின் அரிஸ்டாட்டிலின் விதி மீண்டும் செல்லுபடியாகிறது, மிச்சமெல்லாம் வழிகள்தான். ஸ்பிரிங் 44 சதவீதம் விறைத்தால், அதிர்வு முன்போலவே அடங்க ஷாக் அப்சார்பரின் தடையை 20 சதவீதம் கூட்ட வேண்டும். கார் தாழ்ந்ததும் சக்கரங்களின் சாய்வும் (கேம்பர்) அவை நோக்கும் திசையும் (டோ) நகர்ந்துவிடும். புது ஸ்பிரிங் சில நாள் ஓடிப் படிந்த பிறகே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.