அடுத்த பகா எண்

கலசப்பாக்கத்தில் நின்று ஜவ்வாது மலைமேல் விரியும் விண்மீன்களை எண்ணத் தொடங்கினால் விரைவில் சோர்ந்துபோகிறோம். 2024இல் கண்டறியப்பட்ட மாபெரும் பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். ஆயினும் அதன் இருமடங்கை எட்டுமுன் இன்னொரு பகா எண் உண்டென்பது உறுதி. செபிசேவ் முன்பே நிறுவிய இவ்வுண்மைக்கு 1919இல் சுருக்கமான நிரூபணம் தந்தவர் நம் இராமானுசன். 1913இல் ஹார்டிக்கு எழுதிய மடலில், பகா எண்களைப் பற்றி அவர் கூறியவற்றுள் சில பிழையாயின. உள்ளுணர்வு வழுவிய அதே துறைக்கு அவர் நிரூபணத்தோடு திரும்பினார்.

காணாத எண்ணை உண்டென்று ஏற்கிறோம். விசுவாசமும் இத்தகையதோ? அன்று. நிரூபணம் நம்மை ஒப்புக்கொள்ளச் செய்கிறது. விசுவாசமோ நம்மையே ஒப்புக்கொடுக்கச் செய்கிறது. எனினும் இரண்டுக்கும் நேர்மையும் தாழ்ச்சியும் வேண்டும். புனித தோமையார் தம் ஐயத்தை மறைக்கவில்லை. ஆண்டவரும் அவரைத் தள்ளவில்லை. அவ்வாறிருக்க, மறைக்கல்வி வகுப்பில் வினா எழுப்பும் பிள்ளையை நாம் அதட்டி அமர்த்துவது தகுமா?