எண்ணாமற் செய்யும் கொலை

கொல்லும் எண்ணமே இல்லாதவனைக் கொலைக்குப் பொறுப்பாளி எனக் கூறலாமா? அறிஞர் நெடுங்காலம் ஆய்ந்துவரும் வினா இது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் அருகிவரும் ஒரு திமிங்கில இனம் இவ்வினாவை இன்று மீண்டும் எழுப்புகிறது.

ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ரைட் வேல்'. வேட்டைக்கு ஏற்றது என்னும் கருத்தில் வேட்டைக்காரர் இட்ட பெயர் என்பர். அது கரையை ஒட்டி மெல்ல நீந்தும், இறந்தபின்னும் மிதக்கும், எண்ணெயும் மிகுதியாகத் தரும். இவையே அதற்குப் பகையாயின. 1935இல் உலக உடன்பாடு அதன் வேட்டையைத் தடுத்தது. ஆயினும் இன்று எஞ்சியிருப்பவை 400க்கும் குறைவு. அவற்றுள் கன்று ஈனத்தக்கவை ஏறத்தாழ 70 மட்டுமே.

இன்று அதனைப் பகைப்பார் எவருமிலர். விரைந்து செல்லும் கப்பல் மோதிக் கொல்கிறது. சிங்கி இறால் கூண்டையும் மிதவையையும் இணைக்கும் கயிறு உடலை இறுக்கி, மாதக்கணக்கில் வதைத்துக் கொல்கிறது. நூற்றுக்கு 85க்கும் மேற்பட்டவை ஒருமுறையேனும் கயிற்றில் சிக்கியவை. மாலுமியும் மீனவரும் கொலைகாரர் அல்லர்; பிழைப்பை நாடிக் கடலேறியவர்கள்.

அவ்வாறாயின் குற்றம் எவருடையது? அறியாமல் நேரும் தீங்கு விபத்து. அறிந்த பின்னும் தொடரவிடும் தீங்கு விபத்தாகாது. இங்கே நோயும் தெரியும், மருந்தும் தெரியும். 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள், குறித்த பருவங்களில் குறித்த பகுதிகளில் மணிக்கு 10 கடல் மைலுக்கு மேல் விரையலாகாது என 2008இல் அமெரிக்க அரசு விதித்தது. அதனை 35 அடிப் படகுகளுக்கும் விரிக்க 2022இல் முன்வைத்த திட்டமோ 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. கயிறுகளைப் பற்றிய புதிய விதிகளையும் 2028 முடியும்வரை அந்நாட்டு நாடாளுமன்றம் ஒத்திவைத்துவிட்டது.

"மீனவர் வயிற்றில் அடிக்கலாமா?" எனக் கேட்பாருண்டு. நியாயமான கேள்வியே. கயிற்றைக் கடலடியில் வைத்திருந்து, வேண்டும்போது ஒலிக்குறியால் மேலெழச் செய்யும் கருவிகள் உள்ளன, விலைதான் மிகுதி. அச்செலவை அரசு ஏற்கட்டும். ஒரு மாலுமி மட்டும் வேகத்தைத் தணித்தால் அவருக்கே நட்டம். அனைவரும் தணித்தால் ஒருவரை ஒருவர் முந்தும் அச்சம் நீங்கும். தனிமனிதரின் நல்லெண்ணம் போதாத இடத்தில் சட்டம் துணைநிற்றல் வேண்டும்.

காத்திருக்கக் காலமில்லை. முன்பு 3 ஆண்டுக்கு ஒருமுறை ஈன்ற தாய்கள், காயத்தாலும் மெலிவாலும் இன்று 7 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறையே ஈனுகின்றன. 'கொல்ல எண்ணவில்லை' என்பது மாலுமிக்கு விடையாகலாம். அனைத்தும் அறிந்தும் வாளாவிருக்கும் அரசுக்கு அது விடையாகாது.